சவூதியிலிருந்து வந்த தவளை

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன் பட்டப்பகலில் தன் சொந்த மாமியாரின் அபாயாவைத் தூண்டில் போட்டுப் பிடித்தான் என்றால், அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நினைத்து முடித்துவிட்டால் சொல்கிறேன். அந்த மனிதன் நான்தான்.

போன மாதம் போனில் எதையோ தேடப்போய் ஒரு பெட்டி பொய் இரை வாங்கிவிட்டேன். தண்ணீரில் அமிழாமல் மேலேயே மிதந்து, துடித்து, துப்பி, ஆடி, மீனுக்குக் கோபமூட்டும் சாதி. கூரியர்காரர் கொண்டுவந்து தந்த அன்றே முற்றத்தில் நின்று எறிந்து பழகினேன். தூண்டில் கொளுக்கி காற்றில் வளைந்து போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமியின் கறுப்பு அபாயாவைப் பிடித்துக்கொண்டது. புத்தியுள்ளவன் நூலை வெட்டியிருப்பான். நான் ரீலைச் சுற்றினேன். அபாயா கொடியிலிருந்து இறங்கி, மணலில் தவழ்ந்து, கோழிகளைக் கலைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்து சேர்ந்தது. மாமி குசினி வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் பழைய நோய் ஏதாவது இருக்கும், எனக்கு இது. தொற்றியது எங்கே என்று கேட்டால், என் ராத்தாவுக்கு, மூத்த சகோதரிக்கு, கல்யாணம் முடிந்த அந்தச் சிறுபோக அறுவடைக் காலத்தில். அப்போது நான் அரைக் களிசானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற வயதில் இருந்தேன்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானும் அப்படித்தான் வந்தார். மருதமுனையில் தறி வைத்திருந்த குடும்பம். அவர் மட்டும் தறியை விட்டுவிட்டு, சவூதியில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்கு டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவருடைய சூட்கேஸைத் திறந்தபோது எழுந்த வாசத்தை இன்றைக்கும் என் மூக்கு மறக்கவில்லை: சவர்க்காரம், அத்தர், இன்னும் யாரும் தொடாத பிளாஸ்டிக். கம்பளி ஒன்று, டோர்ச் லைட் ஒன்று, உம்மாவுக்கு ஒரு சேலை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சைப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே இருந்த தட்டுகள் படிக்கட்டு மாதிரி மேலே எழுந்து விரிந்தன. ஒவ்வொரு படியிலும் கண் வைத்த பொம்மைகள்.

உம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன, கொண்டையில குத்துறதா?"

"இல்ல மாமி, மீன் புடிக்கிற."

"மீனுக்கு இவ்வளவு சோடினையா?" என்று கேட்டுவிட்டு உம்மா அதை மெல்லக் கீழே வைத்தார்.

அந்த இஞ்சினியர் தன் நாட்டு ஏரிகளில் பாஸ் என்றொரு மீனுக்காகவே உயிர் வாழ்ந்தவராம். நாட்டுக்குத் திரும்பும்போது பெட்டியையும் தூண்டில் தடிகளையும் டிரைவருக்கே கொடுத்துவிட்டார். பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் ராத்தாவும் நானும் புதுப் பெயர் வைத்தோம். நீளமாக, வழுவழுவென்று இருந்தது சுருட்டு. வாயைக் குழிவாகத் திறந்துகொண்டிருந்தது கொட்டாவி. முன்னும் பின்னும் தகர விசிறி வைத்தது பங்கா. கடைசிப் படியில் ஒரு றப்பர் தவளை இருந்தது. முதுகு பச்சை, வயிறு வெள்ளை. நூல் நூலாகத் தொங்கும் கால்கள். கொளுக்கி இரண்டும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி ஒளிந்திருந்தன. அமுக்கினால் 'புஸ்' என்று காற்று விட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வாப்பாவுக்குப் போதவில்லை. வாப்பாவுக்கு இறக்காமத்துப் பக்கம் வயல் இருந்தது. ஊர் அவரைப் போடியார் என்றது. புது மருமகனோடு அவருக்கு இரண்டு பிரச்சினைகள். ஒன்று, எங்கள் வீட்டு மரியாதைப்படி மாமனாரும் புது மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். இருவரும் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; நான் ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வேன். டெலிபோன் இல்லாத வீட்டில் டெலிபோனாக இருந்தவன் நான்.

மற்றது மீன் தலை.

அதுவரை எங்கள் வீட்டில் எந்த மீன் வெந்தாலும் தலை வாப்பாவுக்குத்தான். அவர் அதை உண்பதில்லை, கழற்றுவார். கண், கன்னம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எலும்பை உறிஞ்சி, பீங்கான் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவார். பூனைகூட அந்த எலும்பை மோந்துவிட்டுப் போய்விடும். மச்சான் வந்த முதல் நாள் உம்மா பாரைத் தலையைத் தூக்கிப் புது மாப்பிள்ளையின் பீங்கானில் வைத்தார். வாப்பாவின் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு வால் துண்டை எடுத்துக்கொண்டது. அந்த வால் துண்டைத்தான் அவர் அடுத்தடுத்த வாரங்களிலும் தின்றார்.

இதற்கு மேல் இன்னொரு கொடுமை. வாப்பாவின் ஒரே பொழுதுபோக்கு வயலுக்குப் பக்கத்துக் குளத்தில் உயிர்த் தவளையைக் கொளுவி விரால் பிடிப்பது. அந்த வருடம் பள்ளிவாசல் மௌலவி தவளையைக் கொல்வது ஆகாது என்று பயான் உரையில் சொல்லிவிட்டார். வாப்பா எதற்கும் வாதாடுவார், மார்க்க விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். அவர் தவளையை விட்டார். விரால் அவரை விட்டது. மண்புழு போட்டார், சின்ன மீன் போட்டார். கிடைத்ததெல்லாம் உம்மா பூனைக்கே போடத் தயங்கிய பொடிகள்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டில் இதெல்லாம் சேர்ந்து வெடித்தது. வாப்பாவின் ட்ரக்டர்காரரும் அன்று எங்களோடு சாப்பிட்டார். அவர் எதையும் சிரிக்காமல் சொல்லிப் பிறரைச் சிரிக்கவைப்பவர்.

வாப்பா என்னைப் பார்த்தார். "மருமகன்ட்டக் கேளு, ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டக் கேட்டு ஆள் அனுப்பியிரிக்கான். எப்பக் குடுக்கிறாராம்?"

கேட்டேன்.

"மாமாட்டச் சொல்லுங்க மச்சான், பாஸ்போட்ட எங்கயோ வெச்சிட்டன். தேடிக்கிட்டுத்தான் இரிக்கன்."

மச்சான் என்னையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவர் பக்கம். பாஸ்போர்ட் விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. அலுமாரி, மேசை லாச்சி, மெத்தைக்கு அடி என்று நாங்கள் தேடாத இடமில்லை. ஆனால் அவருக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ராத்தாவுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே கண் கலங்கும்.

"போகாம இஞ்ச என்ன செய்யப்போறாராம்?" வாப்பா விடவில்லை. "வயல் தெரியாது. கடல் தெரியாது. தறி தெரியும், அதையும் விட்டுப்போட்டு வந்தவர். தலையத் திண்டுக்கிட்டுச் சும்மா இரிக்க ஏலுமா?"

தலை என்று அவர் சொன்னபோது எல்லோரும் மச்சானின் பீங்கானைப் பார்த்தோம்.

"மாமாட்டச் சொல்லுங்க, எனக்கு மீன் புடிக்கத் தெரியும்."

"என்னத்தால? அந்த வெளையாட்டுச் சாமானாலயா?" வாப்பா என்னைப் பார்த்தே கேட்டார்; மற்றதெல்லாமும் என் வழியாகத்தான் போய்வந்தன.

"ஓம், அதாலதான். றப்பர் தவளையக் கொல்லப்படா எண்டு மௌலவி சொல்லல்லயே."

"உசிருள்ள தவளயக் கொல்லப்படா, சரி. பொய்த் தவளயப் போட்டு மீன ஏமாத்தலாமாமா?"

"அப்ப புழுவக் கொளுவுறப்ப மட்டும், உள்ளுக்குக் கொளுக்கி இரிக்கி எண்டு மீனுக்குச் சொல்லிட்டா போடுறம்?"

ட்ரக்டர்காரருக்குச் சோறு புரையேறியது. வாப்பாவின் முகம் சிவந்தது.

"சரி. ட்ரக்டர்காரா, நீ சாட்சி. அந்த றப்பர் தவளையால ஒரு வெராலப் புடிச்சிக் காட்டட்டும், சவூதிக் கதைய என்ட வாயால எடுக்கமாட்டன். ஏலாட்டி, வாற மாசம் பிளேன் ஏறட்டும். சொல்லு மருமகன்ட்ட!"

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த ராத்தாவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் மச்சானும் நானும் தடிகளோடு தோணாவுக்குப் போனோம். கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் அந்த உப்போடையின் கரையில் நின்று அவர் எனக்கு எல்லாம் சொல்லித்தந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தால் சுருட்டு. தடியின் நுனியைச் சின்னச் சின்னதாகத் தட்டி, நூலைத் தளரவிட்டால் அது இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டு நடக்கும். காற்றடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தால் கொட்டாவி. ஒரு இழுப்புக்கு 'பொளக்' என்று தண்ணீரைத் துப்பும், பிறகு சும்மா விடவேண்டும். திறந்த தண்ணீருக்கு நுனி மெலிந்த தடி. இலை மூடிய இடமென்றால் வளையாத தடியும் தடித்த தங்கூசி நூலும். விராலை இலையோடு சேர்த்து இழுக்கவேண்டி வரும். அந்த இடத்துக்குத் தவளையைத் தவிர வேறெதுவும் சரிவராது. கொளுக்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பதால் இலையில் மாட்டாது.

"பச்ச முதுகு நமக்கு, மச்சான். மீன் கீழ இருந்துதானே பாக்கும்? அதுக்கு வயிறுதான் தெரியும்."

"மீன் வந்து கவ்வினா உடன இழுக்கிறதா?"

"அங்கதான் எல்லாரும் பிழைவிடுற. மேல வாற மீன் தண்ணியோட சேத்து அடிக்கும். வாயில நல்லா எடுக்க விடணும். நிறுத்தி, ஒரு பிஸ்மி முழுசாச் சொல்லணும். 'ரஹீம்' எண்டு முடிஞ்சாப்பொறகு அடிக்கணும்."

அந்த இஞ்சினியர் எதைச் சொல்லி நேரம் பார்த்தாரோ தெரியாது. மச்சானின் கணக்கு இது. நான் கரையில் நின்று 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று பிஸ்மி சொல்லிப் பழகினேன். இதற்குள் தோணாக் கரையில் கூட்டம் கூடிவிட்டது. "மாப்புளைக்குச் சவூதி வெயில் தலையில ஏறிட்டு" என்றார் ஒருவர். "மீனுக்குப் பொம்ம காட்டுறாரு, பாவம், புள்ள இல்லாத மீனாக்கும்" என்றார் இன்னொருவர்.

கூட்டம் கலைந்தபின் மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், ஒண்டு சொல்றன். ராத்தாட்டயும் சொல்லிராதீங்க. நான் இதால ஒரு மீனும் புடிச்சதில்ல."

"ஒண்டுமேயா?"

"பாலைவனத்துல குளம் ஏது? வெள்ளிக்கிழமையில அந்த ஆள் நீச்சல் தடாகத்துல எறிவார். நான் பக்கத்துல நிண்டு பாத்துப் படிச்சன். நீச்சல் தடாகத்துல மீன் இரிக்குமா?"

அன்று வீடு வரும்வரை என் மச்சானை விமானத்தில் ஏற்றிவிட்ட மாதிரியே இருந்தது.

சவாலுக்குக் குறித்த நாள் விடியக்காலை சுபஹ் தொழுதுவிட்டு ட்ரக்டர் பெட்டியில் ஏறிக் குளத்துக்குப் போனோம். தண்ணீர் வற்றி ஒதுங்கியிருந்தது. கரையோரம் முழுக்க ஒல்லி என்கிற ஆம்பல் இலைகள் கம்பளம் விரித்துக் கிடந்தன. அணைக்கட்டில் யானை போட்டுவிட்டுப் போன பிண்டம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ட்ரக்டர்காரர் அதைச் சுற்றிப் போய், "அவரும் இஞ்சதான் எங்கயோ நிண்டு பாக்கிறார், கெதியா முடிங்க" என்றார்.

மச்சான் தவளையை எடுத்தார். வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன்ட்டச் சொல்லு, அந்தப் பங்காவப் போடச் சொல்லி. மினுங்குது, சத்தமும் போடும். மீன் ஓடி வரும்."

பங்காவை இலைக்குள் எறியக்கூடாது என்று மச்சானுக்குத் தெரியும். ஆனால் மாமனார் முதல்முறையாக ஒரு சாமானைச் சிபாரிசு செய்கிறார். எந்தப் புது மாப்பிள்ளை மறுப்பான்? தவளையைக் கழற்றிப் பங்காவைக் கட்டினார். அது பளபளவென்று பறந்து போய் இலைக்கு நடுவில் விழுந்தது. விசிறி ஒருமுறை சுழன்றது. சுழன்ற வேகத்தில் ஒல்லித் தண்டுகளையெல்லாம் இழுத்துத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. மச்சான் இழுக்க, ஒரு கட்டுத் தண்டு வேரோடு கரைக்கு வந்தது.

"போடியார்," என்றார் ட்ரக்டர்காரர், "ஒல்லித் தண்டுல ஆணம் ஆக்க இது காணும். போவமா?"

மச்சான் நூலை வெட்டித் தவளையைக் கட்டினார். எறிந்தார். தவளை இலைக்கு மேல் 'பொத்' என்று விழுந்தது. மெல்ல இழுத்தார், அது இலையிலிருந்து இலைக்குத் தத்தித் தத்தி வந்தது, உண்மையாகவே அவசரமில்லாத ஒரு தவளையைப் போல. இலைகள் விலகிக் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்த ஒரு ஓட்டையின் ஓரத்தில் நிறுத்தினார். தடியின் நுனியை மட்டும் கொஞ்சம் நடுக்கினார்.

தண்ணீர் வெடித்தது. இலைகள் மேலே பறந்தன. தவளையைக் காணவில்லை.

"பிஸ்மில்லாஹிர்..." என்று மச்சான் ஆரம்பித்தார், நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு.

வாப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மீன் கவ்விவிட்டது, மருமகன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் என்பதுதான். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். டெலிபோனுக்கு நேரமில்லை.

"இழுங்க மருமகன்! விட்டிராதீங்க! இழுங்க!"

கத்திக்கொண்டே பாய்ந்து தடியைப் பிடித்து, ஒரு முழு இழுப்பு இழுத்தார். தவளை தண்ணீரிலிருந்து பறந்து வந்து ட்ரக்டர்காரரின் நெஞ்சில் மோதி, 'புஸ்' என்று காற்று விட்டது. மீன் இல்லை.

குளம் பழையபடி அமைதியானது. இருவரும் ஒரே தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராத்தாவின் முகம் என் கண்ணில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"மாமா," என்றார் மச்சான், வாப்பாவின் முகத்தைப் பார்த்து, நேராக. "நான் 'ரஹ்மான்' வரைக்கும்தான் வந்திருந்தன்."

வாப்பா தடியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். தடியை மட்டும் விடவில்லை. கொஞ்சம் இருமினார்.

"இதை எறியிற எப்படி?"

அவ்வளவுதான், மாமனாரும் மருமகனும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. வாப்பாவின் முதல் எறி பின்பக்கமாகப் போய் ட்ரக்டர் பெட்டியில் விழுந்தது. அடுத்தது யானைப் பிண்டத்தில். "அதுவும் பச்சதான், தவளைக்கு வித்தியாசம் தெரியா" என்றார் ட்ரக்டர்காரர். "கையால இல்ல மாமா, மணிக்கட்டால" என்று மச்சான் அவருடைய கையைப் பிடித்துக் காட்டினார். வெயில் ஏறி, தொப்பி நனைந்து, தண்ணீர் இரண்டாம் முறை வெடித்தபோது தடி வாப்பாவின் கையில்தான் இருந்தது. அவருடைய மணிக்கட்டை மச்சான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா. ஆறுதலாச் சொல்லுங்க."

வாப்பா சொன்னார். மச்சான் சொன்னார். நானும் ட்ரக்டர்காரரும் சொன்னோம். இவ்வளவு நீளமான பிஸ்மியை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. 'ரஹீம்' என்று எல்லோரும் முடிக்க, வாப்பா அடித்தார். தடி வளைந்தது. இலையும் தண்டும் சேறுமாக என் தொடைப் பருமனுக்கு ஒரு விரால் கரையேறியது. அது தவளையின் கால்களைக் கடித்துத் துப்பியிருந்தது.

"போடியார்," என்றார் ட்ரக்டர்காரர், "சாட்சி இப்ப என்ன சொல்ற? தவள மாப்புளட. புடிச்சது நீங்க."

"நீ ட்ரக்டர ஸ்டாட் பண்ணு."

அன்று மீன் ஆணம் ஆக்கியது ராத்தா. ட்ரக்டர்காரர் குசினிப் பக்கம் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். உம்மா தலையைக் கரண்டியில் தூக்கினார். கரண்டி இரண்டு பீங்கான்களுக்கும் நடுவில் நின்றது. ஆணம் சொட்டு சொட்டாகப் பாயில் விழுந்தது.

"தல எனக்கு," என்றார் வாப்பா. "புடிச்சவன் நான்."

வளையல் சத்தம் மறுபடி நின்றது. மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்திருந்தார். வாப்பா தலையைக் கழற்றத் தொடங்கினார். கண், கன்னம், மூளை. ஒரு எலும்பை உறிஞ்சிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"மருமகன், தவளைக்குக் கால் பிஞ்சிட்டு. உங்கட வீட்டுத் தறி நூல் தோதுப்படுமா?"

"தோதுப்படும் மாமா. நாளைக்கே கட்டித் தாறன்."

"நாளைக்கு என்னத்துக்கு? ஆறுதலாக் கட்டுங்க. பெரும்போகம் முடிஞ்சி குளம் வத்துறப்ப வேணும்."

பெரும்போகம் முடிய எத்தனை மாதம் கிடக்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு விம்மல் கேட்டது. "உறைப்பு கூடிட்டாக்கும்" என்றார் வாப்பா.

சவூதிக் கதையை அவர் பிறகு எடுக்கவேயில்லை. மச்சான் வயலைப் படித்தார், கொஞ்சக் காலத்தில் வாப்பாவின் கணக்கு வழக்குகளையும் பார்த்தார். தவளைக்கு மருதமுனைச் சாறன் நூலில் நீலமும் சிவப்புமாகக் கால் கட்டினார். விராலுக்கு அந்த நிறம் பிடித்துத்தான் இருந்தது. சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் நூல் அறுந்து தவளை இலைகளுக்குள் போய்விட்டது. வாப்பா கரையில் நெடுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தடியைப் பறித்தது அவருடைய அவசர புத்தி என்றுதான் நான் வெகுகாலம் நம்பினேன். இப்போது நானும் ஒரு வீட்டின் மருமகன். என் மூத்த மகளுக்கும் மாப்பிள்ளை வந்துவிட்டார். என் வீட்டு மீன் தலையும் இடம் மாறிவிட்டது. இந்த உயரத்தில் நின்று பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. மருமகன் தோற்றுவிடுவாரோ என்ற பயத்தில்தான் வாப்பா பாய்ந்திருக்கவேண்டும். வாயால் விட்ட சவாலைக் கையால் திருப்பி எடுக்கப் பார்த்திருக்கிறார். கேட்டுப் பார்க்க அவர் இல்லை. மவுத்தாகி எத்தனையோ வருடமாகிவிட்டது.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, புதுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை ராத்தா வீட்டுக்குப் போனேன். மச்சானுக்குத் தாடி முழுக்க வெள்ளை. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார், அதிலிருந்த றப்பர் தவளையைக் காதருகே வைத்து அமுக்கினார். நான் வாசித்தேன். ஒரே தவளை ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த கதை என்று முடிவில் நானாக ஒரு வரியும் சேர்த்துச் சொன்னேன். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராத்தா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கல்லொன்றைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தார்.

"என்னடா தம்பி, தவள சேத்து வெச்சதா? பாஸ்போட்டக் கடைசி வரைக்கும் கண்டாங்களா? அது அரிசிப் பெட்டிக்குள்ள அடியில கிடந்திச்சி, நான்தானே வெச்சன். நீங்க வெராலப் புடிச்சிருந்தாலும் புடிக்காட்டியும் இவர் எங்க போறது? அதுக்குப் போய் நாலு பேர் வெயில்ல நிண்டு பிஸ்மி சொல்லியிரிக்கீங்க."